பதினான்கு நிமிடத்தில் மொறுமொறு

ஏர் ஃப்ரையர் வாங்கியவர்கள் அதனுடன் வரும் சிறு புத்தகத்தை ஒரு முறையாவது புரட்டியிருப்பார்கள். உருளைக்கிழங்குக்கு இத்தனை நிமிடம், மீனுக்கு இத்தனை, சிக்கன் விங்ஸுக்கு இத்தனை என்று கட்டம் போட்டு அச்சடித்திருக்கும். அந்த நிமிடங்களை யார் கண்டுபிடித்தார்கள் என்று எவரும் கேட்பதில்லை. வெள்ளைக் கோட்டு மாட்டிய பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து முடிவு செய்திருப்பார்கள் என்று நமக்கு ஒரு மரியாதையான நினைப்பு. அந்த நினைப்பைக் கெடுப்பதற்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஒரு தொழிற்சாலையில் அதை முடிவு செய்தவர் ஒரே ஒருவர். வயது ஐம்பத்தாறு. இடது முழங்காலில் வலி. வீட்டில் பார்வை போன மனைவி. அவர் கடித்துப் பார்த்து என்ன சொன்னாரோ, அதுதான் நிமிடம்.

தொழிற்சாலையில் அவருக்கு வைத்த பெயர் மொறு. வாயில்காப்பாளர் 'மொறு சார்' என்பார். ஸ்டோர்காரர் 'மொறு அண்ணே' என்பார். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அதை அவரே எப்போதாவதுதான் பார்த்தார்.

ஒரு காலத்தில் மொறுமொறுப்பை அளக்க அங்கே ஓர் இயந்திரம் இருந்தது. உணவை ஒரு கத்தி மெதுவாக அழுத்தி உடைக்கும். உடையும் விசையைத் திரை காட்டும். அது பழுதானதும் பழுதுபார்க்க வெளிநாட்டிலிருந்து ஆள் வரவேண்டும் என்றார்கள். ஆள் வரும் வரைக்கும் என்று ஐந்து பேரைக் கடிக்க உட்கார வைத்தார்கள். ஆள் வரவேயில்லை. பிறகு செலவைக் குறைக்கிறோம் என்று ஐவரில் நால்வரை விற்பனைப் பிரிவுக்கு மாற்றினார்கள். இயந்திரத்துக்கு ஐந்து பேர் ஈடு, ஐந்து பேருக்கு மொறு ஈடு. நிர்வாகம் படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதாகப் புரியும்.

அதோடு விட்டிருக்கலாம். தணிக்கைக்கு வந்த அதிகாரி ஒருவர் விடவில்லை. தராசு, வெப்பமானி, ஈரப்பதமானி என்று ஒவ்வொன்றிலும் ஒட்டியிருந்த சரிபார்ப்புச் சீட்டைக் குனிந்து குனிந்து படித்தவர், நிமிர்ந்து கேட்டார்.

"மொறுமொறுப்ப எத வச்சு அளக்கிறீங்க?"

"இவர வச்சு சார்" என்று மேனேஜர் மொறுவைக் காட்டினார்.

"அப்ப இவரு கருவிப் பதிவேட்டுல இருக்கணுமே?"

அன்றிலிருந்து இருந்தார். கருவி எண் பதினேழு. வகை: பல், மனித. அளவு: ஒரு செட். வருடத்துக்கு ஒரு முறை பல் டாக்டரிடம் போய், எல்லாம் உறுதியாக இருக்கின்றன என்று சான்றிதழ் வாங்கி வருவார். மற்றக் கருவிகளுக்கு ஒட்டும் பச்சைச் சீட்டை அவருடைய அடையாள அட்டையின் பின்புறம் ஒட்டினார்கள். அவருக்கு அதில் கொஞ்சம் பெருமை கூட உண்டு. நம்மில் எத்தனை பேரின் வாய்க்கு அரசாங்கத் தரத்தில் சான்று இருக்கிறது?

வேலையை அவர் ஏனோதானோ என்று செய்தவரில்லை. விங்ஸை மூட்டில் வெட்டி, நுனியைக் கழித்து, ஒவ்வொன்றையும் துணியால் ஒற்றி ஒற்றி ஈரம் எடுப்பார். "தண்ணி இருந்தா அவியும், தண்ணி போனாத்தான் பொரியும்" என்பார். உப்பு, மிளகாய்த் தூள், ஒரு சிட்டிகை பேக்கிங் பவுடர் சேர்த்துப் பிசறி, மூடாமல் ஃப்ரிட்ஜில் வைத்துத் தோலைக் காயவிடுவார். கூடையில் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் ஒரே வரிசை. பாதி நேரத்தில் திருப்பி விடுவார். மணி அடித்ததும் எடுத்து, ஒரு நிமிடம் ஆறவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கடிப்பார். மொறுமொறுப்பு நாக்கில் இல்லை, காதில்தான் இருக்கிறது என்பது அவருடைய கட்சி. தோல் உடையும் சத்தத்தைக் கேட்டுப் பத்துக்கு எத்தனை என்று எழுதுவார். ஒரு நாளைக்கு நாற்பது விங்ஸ், ஒன்பது வருடம். அந்த மாடல்களுக்கெல்லாம் அவர் கொடுத்த நேரம் இருபத்து நான்கு நிமிடம். புகார் என்று ஒரு கடிதம் வந்ததில்லை.

படிவத்தில் இன்னொரு கட்டமும் உண்டு. எலும்பை ஒட்டி வெப்பமானியைக் குத்தி, உள்ளே எவ்வளவு சூடு என்று எழுத வேண்டும். இருபத்து நான்கு நிமிடத்தில் அது எப்போதும் தொண்ணூறுக்கு மேலே இருந்தது. முதல் வருடம் குத்திப் பார்த்து எழுதினார். இரண்டாம் வருடம் குத்தாமலே எழுதினார். மூன்றாம் வருடத்திலிருந்து முதல் வரியில் தொண்ணூறு என்று எழுதிவிட்டு, கீழே வரிசையாக 'மேற்படி, மேற்படி' என்று போட்டுவிடுவார். காலையில் படிவத்தை எடுத்ததும் முதல் வேலையே அதுதான். கோழி அப்போது ஃப்ரிட்ஜில் இருக்கும்.

ஒன்பது வருடம் எலும்போடு மல்லுக்கட்டிய பல் எத்தனை நாள் தாங்கும்? முதலில் ஈறு விட்டது. பிறகு ஒன்று ஆடியது. பக்கத்துப் பல் அதற்குத் துணை போனது. ஆபீசுக்குச் சம்பந்தமில்லாத ஒரு பல் டாக்டரைத் தேடிப் போனார். அவர் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் எடுத்துடலாம். வச்சிருந்து என்ன பண்ணப் போறீங்க?" என்றார். வேலை பார்க்கப் போகிறேன் என்று மொறு சொல்லவில்லை. முழங்கால் வலி என்று எழுதிக் கொடுத்து இரண்டு மாதம் விடுப்பு எடுத்தார். திரும்பி வந்தபோது மேலும் கீழும் புதுப் பல் செட். அடையாள அட்டையின் பின்னால் பச்சைச் சீட்டில் இன்னும் ஏழு மாதம் பாக்கி இருந்தது. சான்றிதழ் இருந்தது, பல்தான் இல்லை. ஆபீஸ் நடைமுறையில் இது பெரிய குறையில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். பழுதான கருவியைப் பதிவேட்டிலிருந்து நீக்குவார்கள். நீக்கினால் வேலை போகும். வேலை போனால் கம்பெனி குவார்ட்டர்ஸ் போகும். அங்கேதான் விஷயம் இருந்தது. அவர் மனைவிக்குப் பார்வை ஒரே நாளில் போகவில்லை. நான்கு வருடம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது. மங்க மங்க மனைவி அந்த வீட்டைக் கையால் மனப்பாடம் செய்தார். கட்டிலிலிருந்து குளியலறை பதினொரு அடி. அடுப்பின் வலப்பக்கம் உப்பு, இடப்பக்கம் சர்க்கரை. துணி காயப்போடும் கம்பி கதவிலிருந்து கை எட்டும் தூரம். முழுதாக இருட்டிய பிறகும் டீ போட்டார், துணி மடித்தார், பூட்டைப் பூட்டினார். வெளியே கால் வைத்தால் கணவரின் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். உள்ளே வந்ததும் உதறிவிடுவார். "இந்த வீட்டுக்குள்ள எனக்குக் கண்ணு தெரியும்" என்பார்.

விடுப்பு முடிந்து வந்த வாரமே புது மாடல் வந்திறங்கியது. போட்டிக் கம்பெனி பதினெட்டு நிமிடம் என்று விளம்பரம் செய்துகொண்டிருந்தது. மேனேஜர் பிறவிச் சைவம். கோழியை அவர் காகிதத்தில் மட்டுமே சந்தித்தவர்.

"எவ்ளோ கொறைக்க முடியும்னு பாருங்க மொறு சார். மேலிடத்துல ரொம்ப ஆசைப்படறாங்க."

இருபத்து நான்கில் கடித்தார். ஒன்பது மதிப்பெண். இருபத்திரண்டிலும் ஒன்பது. இருபது, பதினெட்டு, பதினாறு என்று இறங்க இறங்கவும் ஒன்பதுதான். கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டினார். ஒவ்வொரு கடிக்கும் 'டக், டக்' என்று தெளிவாகச் சத்தம் வந்தது. மிளகாய்த் தூள் போட்ட கோழி வேகும் முன்பே சிவப்பாகத்தான் இருக்கும், ஆகவே பார்த்தவர்களுக்கும் சந்தேகம் வரவில்லை. மேலண்ணம் முழுவதையும் பிளாஸ்டிக் மூடியிருந்ததால் நாக்குக்கும் ஒன்றும் எட்டவில்லை. எல்லாம் ஏன் ஒரே மாதிரி இருக்கிறது என்று அவருக்கு ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. மதிப்பெண்ணைச் சந்தேகப்பட்டால் அடுத்துப் பல்லைச் சந்தேகப்பட வேண்டும். அதனால் இயந்திரத்தைப் பாராட்டினார்.

பதினான்கில் நிறுத்தினார்கள். அந்தப் படிவத்தின் சூட்டுக் கட்டத்திலும் காலையிலேயே 'மேற்படி' ஏறியிருந்தது. மேனேஜர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 'பதினான்கே நிமிடத்தில் மொறுமொறு' என்று அச்சாயிற்று. இயந்திரத்தில் கோழிப் படம் போட்ட ஒரு பொத்தானும் வைத்தார்கள். அமுக்கினால் போதும், நீங்கள் யோசிக்கவே வேண்டாம்.

முதல் பெட்டிகள் கடைக்குப் போன மாதம், ஊழியர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொன்று இலவசமாகக் கொடுத்தார்கள். மொறு அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் விங்ஸ் வாங்கி, ஒற்றி, பிசறி, அடுக்கி, பொத்தானை மனைவியின் விரலாலேயே அமுக்க வைத்தார். பதினான்கு நிமிடம் கழித்து மணி அடித்தது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

அவர் கடித்தார். "கேட்டியா?" என்றார் பெருமையாக.

"என்னத்த?"

"சத்தத்த. மொறுமொறுன்னு."

மனைவி தட்டில் இருந்ததைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு தலையைச் சாய்த்து, "இன்னொரு தடவ கடிங்க" என்றார். கடித்தார்.

"ஏங்க, அது கோழி இல்ல. உங்க பல்லு செட்டு. மேல உள்ளது கீழ உள்ளது மேல இடிக்குது. நீங்க தூங்கறப்பவும் சில நேரம் அதே சத்தம்தான் வருது."

"சும்மா இரு."

"நான் சும்மா சொல்லல. வெறும் வாய மென்னு பாருங்க."

மென்று பார்த்தார். டக், டக். ஒன்பது மதிப்பெண்.

மனைவி தன் பங்கை இரண்டாகப் பிய்த்து மூக்கருகே கொண்டுபோனார். "எலும்புகிட்ட வேகவே இல்லங்க. கை வழவழங்குது. இதத்தான் ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கீங்களா?"

மறுநாள் காலை மொறு மேனேஜர் அறைக்குப் போனார். கதவைச் சாத்திவிட்டு நின்றார்.

"சார், பதினாலு நிமிஷம் பத்தாது. வேகல."

"பொத்தான்ல ஏத்தியாச்சு. புத்தகம் அச்சடிச்சாச்சு. பெட்டி கடைக்குப் போயாச்சு. இப்ப வந்து வேகலன்னா எப்படி சார்? நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க?"

"போட்டேன். ஆனா சார், என் பல்லு..."

மேனேஜர் கையை உயர்த்தினார். "பல்லப் பத்தி என்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. நீங்க சொன்னா நான் எழுதணும். எழுதினா பதினேழாம் நம்பர நீக்கணும். அப்புறம் குவார்ட்டர்ஸ். வீட்ல அம்மாவுக்குக் கண்ணு வேற சரியில்ல. நான் உங்க நல்லதுக்குத்தான் காதப் பொத்திக்கறேன். நீங்க போங்க, மத்தத நான் பாத்துக்கறேன்."

இப்படிப்பட்ட நல்லவர்களிடம் என்ன பேச முடியும்? மொறு வெளியே வந்தார். மாலையில் வீட்டுக்குப் போனதும் மனைவி கேட்டார்.

"சொன்னீங்களா?"

"சொல்லிட்டேன். பாத்துக்கறேன்னாரு."

இரண்டு வாக்கியமும் உண்மை. சேர்த்து வைத்தால்தான் பொய்.

மூன்று வாரம் அவர் வழக்கம் போல வேலைக்குப் போனார். அடுத்த மாடலுக்கு விங்ஸ் கடித்தார். வெப்பமானியை இப்போது ஒவ்வொன்றிலும் மூன்று முறை குத்தினார். வயிறு சரியில்லை என்று அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புகார்கள் வந்தன. வாடிக்கையாளர் சேவையில் 'கோழியை நன்றாகக் கழுவவும்' என்று பதில் போட்டார்கள். நான்காவது வாரம் ஒரு வீட்டில் நான்கு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மூன்று பேர் திரும்பினார்கள். திரும்பாதவர் ஓய்வு பெற்ற தபால்காரர். பேரன் பிறந்தநாளுக்கு அவரே ஆசையாகப் பொத்தானை அமுக்கியிருக்கிறார்.

மொறு வீட்டில் ரேடியோ எப்போதும் ஓடும். செய்தியில் இயந்திரத்தின் பெயரைச் சொன்னார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது மனைவி ரேடியோவை அணைத்துவிட்டு அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சொன்னேன்னீங்களே."

"சொல்லப் போனேன். அவரு கேக்கல."

"அவரு கேக்கலன்னா வேற யாருக்கும் காது இல்லியா?"

"வீடு போயிடும்மா. நீ எப்படி இருப்ப? உனக்காகத்தான்..."

"நிறுத்துங்க." அவர் குரலை உயர்த்தவில்லை. "எனக்காகன்னு சொல்லாதீங்க. உங்க பயத்துக்கு என் கண்ணக் காட்டாதீங்க. நான் எப்ப உங்கள மறைக்கச் சொன்னேன்?"

 மனைவி எழுந்து, சுவரைத் தொடாமலே சமையலறைக்குப் போய், டீ போட்டு, ஒரே ஒரு டம்ளரில் ஊற்றித் தானே குடித்தார்.

விசாரணைக்கு மேலிடத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். நீண்ட மேசை, நடுவில் தண்ணீர் பாட்டில், ஓரத்தில் மேனேஜர். உண்மையைக் கண்டுபிடிக்க வந்தவர்களின் முகத்தில் இருக்கும் களைப்பு அவர்களிடம் இல்லை. முடிவோடு வந்தவர்கள் எப்போதும் தெளிவாக இருப்பார்கள்.

"வாடிக்கையாளர் கூடைய நெருக்கி அடைச்சிருப்பாரு. அப்படி அடைச்சா உள்ள வேகாது இல்லியா?" என்றார் நடுவில் இருந்தவர்.

தலையை ஆட்டினால் போதும். வீடு, பதினொரு அடி, வலப்பக்கம் உப்பு எல்லாம் அந்த ஒரு ஆட்டலில் இருந்தது. மேனேஜர் தன் தலையைக் கொஞ்சம் முன்னதாகவே ஆட்டி வழிகாட்டினார்.

மொறு வாய்க்குள் விரலை விட்டார். மேல் செட்டை எடுத்துத் தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு கீழ் செட்டையும். மேசையில் இருந்தவர்கள் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார்கள்.

"இதுதான் சார் சத்தம் போட்டுச்சு. கோழி இல்ல" என்றார். பல்லில்லாத வாயில் சொற்கள் குழைந்து வந்தன. இரண்டாவது முறை சொன்னபோதுதான் புரிந்தது.

இரண்டாம் அதிகாரி படிவத்தைத் திருப்பினார். "சரி, பல்லு ஏமாத்திடுச்சு. வெப்பமானி இருக்கே? எல்லா நிமிஷத்துக்கும் தொண்ணூறுன்னு போட்டிருக்கீங்க?"

"குத்தல சார்."

"ஏன்?"

"எட்டு வருஷமாவே குத்தல. எப்பவும் அதுதான வரும்னு..."

 பல் செட்டை எடுத்து மாட்டிக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை. பல்லைப் பற்றிச் சொல்ல அவருக்குத் துணிச்சல் வந்திருந்தது. 'மேற்படி'யைப் பற்றிக் கேட்பார்கள் என்று அவர் நினைக்கவேயில்லை. தபால்காரரைக் கொன்றது இரண்டில் எது என்று அவருக்கு அந்த நாற்காலியில்தான் தெரிந்தது.

கம்பெனி 'கருவிக் கோளாறு' என்று அறிக்கை விட்டது. அதில் பொய் ஒன்றுமில்லை. பொத்தானைத் திருத்தினார்கள், பெட்டிகளைத் திரும்பப் பெற்றார்கள். நெருக்கடியை நிதானமாகக் கையாண்டதற்காக மேனேஜரைத் தலைமையகத்துக்கு உயர்த்தினார்கள். மொறுவை நீக்கினார்கள். அதற்கு முன்பு ஸ்டோரில் கணக்குத் தீர்க்க வேண்டியிருந்தது.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க" என்று ஸ்டோர்காரர் பேனாவை உருட்டினார். "பதினேழாம் நம்பரு திரும்ப வரலன்னா நான் க்ளியரன்ஸ் போட முடியாது."

"இது நான் செஞ்சுகிட்டது தம்பி. கம்பெனி பல்லு இல்ல."

"அப்ப கம்பெனி பல்லு எங்கண்ணே?"

"டாக்டர் குப்பத்தொட்டியில."

ஸ்டோர்காரர் பதிவேட்டைப் புரட்டிப் பதினேழாம் வரிக்கு வந்தார். பிறகு 'தேய்மானத்தில் அழிந்தது' என்று எழுதி முத்திரை குத்தினார். "டீ சாப்டுட்டுப் போங்கண்ணே" என்றார். மொறு நின்றுகொண்டே குடித்தார்.

மாதக் கடைசிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்தார்கள். கிடைத்தது இரண்டாம் மாடியில் இரண்டு அறை. சாமான் இறக்கியதும் அவர் மனைவியின் கையைப் பிடித்து வீடு முழுவதும் நடத்தினார். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, மூன்று நாள். கட்டிலிலிருந்து கதவு ஆறு அடி. கதவுக்கு வெளியே இடப்பக்கம் தூண், தோளில் படும். ஜன்னல் கதவு உள்பக்கம் திறக்கும், தலையை ஒதுக்கிக்கொள்ளணும். ஒவ்வொன்றையும் விரல் வைத்துக் காட்டினார். ஒன்றையும் முன்கூட்டி எழுதவில்லை, ஒன்றையும் 'மேற்படி' என்று விடவில்லை. மனைவி எதையும் திருப்பிச் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு கூடவே வந்தார்.

நான்காம் நாள் காலை அவர் கீழே பால் வாங்கப் போயிருந்தார். திரும்பி வந்தபோது கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் மனைவி பக்கவாட்டில் விழுந்து கிடந்தார். வலது மணிக்கட்டு போகக்கூடாத பக்கம் போயிருந்தது. அந்த இடத்தில் நான்கு விரல் உயரத்துக்கு ஒரு படி இருந்தது. கையைப் பிடித்து வந்த மூன்று நாளும் அவர் கை தூக்கிய தூக்கில் அது மனைவிக்குத் தட்டுப்படவில்லை.

அவர் பால் பாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு மண்டியிட்டார். முழங்கால் வலித்தது.

"படி இருக்குன்னு சொல்லக் கூடாதா?" என்றார் மனைவி. கோபமில்லை. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

அவர் அந்தப் படியைக் கையால் தடவிப் பார்த்தார்.

"இருக்குன்னே எனக்குத் தெரியலம்மா. தெனம் தாண்டிப் போயிருக்கேன்."